குலுக்கினால் அசையக் கூடாதாம்

"பெட்டிக்கு ஒண்ணுமே ஆகலை சித்தப்பா. ஒரு மூலைகூட நசுங்கலை. உள்ளேதான்..." என்று சொல்லி அவன் கேமராவைத் திருப்பினான். மெல்பர்னில் அவனுடைய சாப்பாட்டு மேஜைமேல் அவன் அப்பா செய்த 1/72 ஸ்பிட்ஃபயர் கிடந்தது. ஒரு சக்கரக்கால் உடைந்து தனியே இருந்தது. விமானி அறைக்குப் பின்னால் நிற்கும் ஆன்டெனாக் கம்பத்தைக் காணோம். ப்ரொபெல்லரில் ஒரு இதழ் இல்லை. அட்டைப்பெட்டியோ கடையிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்தது போல இருந்தது.

பேக் செய்தவன் நான். அதனால் இந்தக் கட்டுரையில் நான் குறைசொல்லப்போகும் முதல் ஆள் நானே. அண்ணா போன பிறகு அவர் செய்துவைத்த 12 விமானங்களை மகனுக்கு அனுப்பிவைக்கும்படி அண்ணி கேட்டார். வெள்ளோட்டமாக ஒன்றை அனுப்பினேன். சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் முறையை அப்படியே பின்பற்றினேன்: பபிள் ராப்பில் நாலு சுற்று, மேலே டேப், பெட்டிக்குள் வைத்து இடைவெளியெல்லாம் காகிதத்தால் அடைத்து, மூடிக் குலுக்கிப் பார்ப்பது. அசைந்தால் இன்னும் அடைப்பது. அசையாவிட்டால் வேலை முடிந்தது.

இந்தக் 'குலுக்கினால் அசையக் கூடாது' என்ற விதியைத்தான் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. விதி தவறு என்று சொல்ல மாட்டேன். பாதி சரி. அந்தப் பாதியை முழுசு என்று நம்பி நாம் உடைத்த விமானங்கள் நிறைய.

முதலில் அந்தப் பெட்டி என்ன பாடு பட்டிருக்கும் என்று பார்ப்போம். பேக்கிங்கைச் சோதிக்க இஸ்டா என்ற சர்வதேச அமைப்பு வகுத்த நெறிமுறைகள் இருக்கின்றன. அவற்றில் எளிமையானது 1ஏ. 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய மேஜை உயரத்திலிருந்து, பத்து முறை கீழே போடுவார்கள். ஒரு மூலைமேல் ஒரு தடவை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள்மேல் ஒவ்வொரு தடவை, பிறகு ஆறு பக்கங்களின் மீதும். ஆறு பக்கங்களும் என்பதைக் கவனியுங்கள். 'இந்தப் பக்கம் மேலே' என்று நாம் ஒட்டும் அம்புக்குறிக்குச் சோதனைக்காரர்கள் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான். பெட்டிகளைப் பிரித்துத் தள்ளும் கன்வேயர் பெல்ட்டுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. 'உடையும் பொருள்' ஸ்டிக்கரை நான் இன்னும் ஒட்டுகிறேன். வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டுகிற மாதிரி அது ஒரு மனத்திருப்தி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், தரையில் நிற்கும்போது அந்தப் பொருள் எத்தனை மடங்கு கனமாகிறது என்பது சுமாராகக் கிடைக்கும். 76 செ.மீ. விழுந்து 1 செ.மீ. தூரத்துக்குள் நின்றால் சராசரியாக 76 மடங்கு. உச்சம் அதைவிட அதிகமாகவே இருக்கும். என் சமையலறைத் தராசில் அந்த ஸ்பிட்ஃபயர் 28 கிராம். அந்த ஒரு நொடித் துணுக்கில் அது 2 கிலோவைத் தாண்டுகிறது. இரண்டு கிலோவை அந்தக் குச்சிக் கால்கள்மேல் வைத்தால் நிற்குமா?

சரி, ஆன்டெனாக் கம்பத்தின் கதை என்ன? அந்தக் கம்பம் 0.05 கிராம்கூட இருக்காது. 76 மடங்கு கனத்தாலும் 4 கிராமுக்குள்தான், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. அது தன் எடையாலேயே முறிந்துபோக வாய்ப்பே இல்லை. அப்படியானால் எது முறித்தது? அதைத் தொட்டுக்கொண்டிருந்த பபிள் ராப். பெட்டி தரையில் மோதியதும் விமானத்தின் மொத்த 28 கிராமும் முன்னே பாய்கிறது. எதிரே நான் இறுக்கிக் கட்டிய உறை. இரண்டுக்கும் நடுவில் முதலில் நிற்பது கம்பமும் ப்ரொபெல்லரும் சக்கரக்காலும். பாதுகாப்புக்காக நான் சுற்றியதுதான் அவற்றை உடைத்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகாததன் மர்மம் இதுதான்.

ஆக, விமானம் பெட்டிக்குள் அசையக் கூடாது என்பது சரி. ஆனால் விமானத்தை எங்கே பிடித்து அசையாமல் வைப்பது என்று அந்த விதி சொல்வதில்லை. எல்லாப் பக்கமும் அடைத்தால் எல்லா இடத்தையும் பிடித்தது மாதிரி ஆகிவிடுகிறது. பலமான இடத்தை மட்டும் பிடித்து, மெலிந்த இடத்தைச் சுற்றிக் காற்றை விட வேண்டும். இதைக் கேட்டால் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். காலியிடத்தைக் கண்டால் கை தானாகக் காகிதத்தைத் தேடும்.

பபிள் ராப்பைத் திட்டுவதற்கு முன் அதன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1957-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் புது மாதிரி சுவர்க்காகிதம் செய்யப் போய்க் கிடைத்தது அது. சுவர்க்காகிதமாக விலைபோகவில்லை. பிறகு ஐபிஎம் 1401 கணினிகளை அனுப்பப் பயன்பட்டபோதுதான் அதற்கு வாழ்வு வந்தது. கணினிப் பெட்டிக்கு நான்கு பக்கமும் தட்டையான முகங்கள். பாரம் அந்த முகம் முழுக்கப் பரவும். விமானத்தில் அப்படி ஒரு முகம் எங்கே இருக்கிறது? முனைகளும் விளிம்புகளும்தான். பரப்புக்குப் பொருத்தமான ஒன்றை முனைகள்மேல் சுற்றிவிட்டு, பழியைப் பொருளின்மேல் போடக் கூடாது. இன்னொன்று: வெயிலில் கிடக்கும் வண்டியில் நாள்கணக்கில் பயணம் செய்தால் குமிழிகள் பெயின்ட்மேல் வட்டம் வட்டமாகத் தடம் பதித்துவிடும். அண்ணாவின் ஸ்பிட்ஃபயரின் இடது இறக்கையில் அந்த வட்டங்கள் இருக்கின்றன. கால் ஒட்டிவிடலாம், வட்டங்கள் போகாது.

கம்பெனிகள் கொடுக்கும் பெட்டிகளாவது ஒழுங்கா என்று பார்த்தால், அங்கே விஷயம் கலவைதான். 1/400 அளவு டை காஸ்ட் விமானங்கள் பெரும்பாலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டு இரண்டுக்கு நடுவே வரும். ஒரு 747 அந்த அளவில் 18 செ.மீ.கூட இராது. உடலையும் இறக்கை அடியையும் தட்டு கவ்விக்கொள்ளும், மற்றதெல்லாம் ஓரளவு சும்மா இருக்கும். நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். 1/200-க்குப் போனால் அதே 747 சுமார் 35 செ.மீ. நீளம், கையில் எடுத்தால் நன்றாகக் கனக்கும் உலோகம். அளவு இரட்டித்தால் நீளம்தான் இரட்டிக்கிறது என்று நினைக்கிறோம். திடப்பொருளானால் எடை எட்டு மடங்காகும். இதை விமானத்தின் உருவிலேயே குடைந்த தெர்மாகோலில் அழுத்தி வைக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அந்தக் குழி ஆன்டெனாவையும் தொடும், சக்கரத்தையும் தொடும். இரண்டு தரம் வெளியே எடுத்து வைத்தால் விளிம்பு உதிர்ந்து, மணிமணியாக எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். பிடி தளரும்போது உடல் ஆடும், குழியின் சுவர் கம்பத்தை இடிக்கும்.

இதைவிடக் கொடுமை உலோக ஸ்டாண்ட். காட்சிக்கு வைத்துவிட்டு மறுபடி அனுப்பும்போது அதையும் விமானத்தோடு ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். அது கழன்றால் உள்ளே ஒரு சுத்தியல் உருண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பெட்டி கடை அலமாரிக்கான பெட்டி, தனியாகத் தபாலில் போவதற்கானது இல்லை. சேகரிப்பாளர்களோ அதையே பொருளாக்கிவிட்டார்கள். விமானம் நன்றாக வந்தாலும் அட்டையின் மூலை மடங்கியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். அதனால் விற்பவர் உள்ளே இருப்பதை விட்டுவிட்டு அச்சடித்த அட்டையைக் காப்பாற்றப் பாடுபடுகிறார். இது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

நான் பார்த்ததிலேயே ஆகச் சிறந்த பேக்கிங் எது என்று கேட்டால், ஒட்டாத பிளாஸ்டிக் கிட்டில் பாகங்கள் தொங்கும் அந்தச் சட்டத்தைச் சொல்வேன். ஸ்ப்ரூ என்பார்கள். ஒவ்வொரு பாகத்தையும் ஒன்றிரண்டு சிறிய காம்புகள் மட்டும் பிடித்திருக்கும். சுற்றிலும் காற்று, அதற்கு அப்பால் தடித்த சட்டம் அடியை வாங்கிக்கொள்ளும். அச்சில் பிளாஸ்டிக்கை ஊற்றுவதற்காக வந்த வடிவம் அது, பாதுகாப்புக்காக யாரும் யோசித்ததில்லை. ஆனாலும் எத்தனையோ கடல் தாண்டி வரும் கிட்களில் ஆன்டெனாக் கம்பம் பத்திரமாக இருக்கிறது. நாம் அதை வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்கும்போது அந்தப் பாதுகாப்பை நாமே குப்பையில் போட்டிருப்போம். கிட்டுக்குப் பெட்டி உண்டு. டை காஸ்ட்டுக்குப் பெட்டி உண்டு. கையால் செய்து முடித்த விமானத்துக்கு மட்டும் உலகத்தில் யாரும் பெட்டி செய்வதில்லை. மற்ற இரண்டும் உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். அண்ணா கண் மங்கிய பிறகு பூதக்கண்ணாடி வைத்து வரைந்த எண்களை எங்கே போய் வாங்குவது?

நிஜ விமானக்காரர்களுக்கு இது தெரியும். கிளைடர்களை சாலையில் கொண்டுபோகும் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தால் போதும். இறக்கைகளைக் கழற்றி, உடலோடு சேரும் தடித்த அடிப்பக்கத்தைத் தாங்கியில் உட்காரவைத்திருப்பார்கள். மெல்லிய பின்விளிம்பை எதுவும் தொடாது. உள்ளே நிறைய வெற்றிடம், யாரும் அதில் பஞ்சை அடைப்பதில்லை. (பேக்கிங்கின்மேல் மனிதனுக்கு இருக்கும் நம்பிக்கைக்கு ஒரு வேடிக்கையான சாட்சி பர்மாவில் உண்டு. போர் முடியும் தறுவாயில் பெட்டியோடு புதைத்த ஸ்பிட்ஃபயர்கள் புத்தம்புதிதாக மண்ணுக்கடியில் இருக்கின்றன என்று நம்பி 2013-இல் யாங்கோன் விமான நிலையத்தில் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.)

இரண்டாவது தடவை இப்படிச் செய்தேன். கெட்டியான பலகை அட்டை ஒன்று. அதன்மேல் ஃபோமில் வெட்டிய இரண்டு தாங்கிகள், ஒன்று இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குக் கீழே, மற்றது வாலுக்குச் சற்று முன்னால். உள்விளிம்பில் மெல்லிய டிஷ்யூ காகிதம். சக்கரங்கள் அந்தரத்தில். இறக்கை அடியின் குறுக்காக ஒரு அகலமான பருத்தி நாடா, இறுக்காமல், அசையாத அளவுக்கு மட்டும். மூக்குக்கு முன்னும் முதுகுக்கு மேலும் இரண்டு விரல் காலி. இந்தப் பலகை ஓர் உள்பெட்டிக்குள் கச்சிதமாக இறங்கும். உள்பெட்டிக்கும் ஐந்தடுக்கு வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. ஃபோம். அது பாதி அமுங்கினாலே 76 மடங்கு 30 மடங்காகக் குறைகிறது. குலுக்கல் விதி இங்கே, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், முழுக்கச் சரி. இங்கே தெர்மாகோல் உதிரிகளைக் கொட்டக் கூடாது. வண்டி அதிர அதிர அவை ஒதுங்கிக்கொள்ள, கனமான உள்பெட்டி அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

டேப் நுனிகளை எல்லாம் மடித்துக் காது மாதிரி விட்டேன். பாதி விமானங்கள் பிரிக்கும்போதுதான் உடைகின்றன என்பது என் சந்தேகம். ஆர்வத்தில் கத்தரிக்கோலை எடுக்கிறோம், பிரவுன் டேப்பைப் பிடித்து இழுக்கிறோம். உள்ளே ஒரு காகிதத்தில் 'நாடாவை முதலில் அவிழ், விமானத்தைத் தூக்காதே, பலகையோடு எடு' என்று எழுதி வைத்தேன். அவனுக்கு அவன் அப்பா கையெழுத்தில் இப்படிக் குறிப்புகள் எழுதி வைக்கும் வழக்கம் ஞாபகம் வந்ததாம்.

எல்லாம் சரி, இந்த முறைக்கு ஒரு விலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. சர்வதேசக் கூரியர்களில் பெரும்பாலானவை நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதைக் கிலோ என்று வைத்துக்கொள்கின்றன. நிஜ எடையா, இதுவா, எது அதிகமோ அதற்குக் காசு. ஸ்பிட்ஃபயரின் வெளிப்பெட்டி 32, 30, 22 செ.மீ. கணக்குப் போட்டால் 4.2 கிலோ. பெட்டியோடு சேர்த்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாத பார்சலுக்கு நாலு கிலோவின் கூலி. நாம் காசு கொடுப்பதில் பெரும்பங்கு காற்றுக்கு. அந்தக் காற்றுதான் விமானத்தைக் காப்பாற்றுகிறது. கூரியர் கட்டணம் அதிகம் என்று விற்பவரிடம் மல்லுக்கட்டும் சேகரிப்பாளர், அவரை நாலு பக்கமும் இரண்டு செ.மீ. குறைக்கவைக்கிறார். உடைந்து வந்ததும் பேக்கிங் சரியில்லை என்கிறார். இந்த வாதத்தில் நான் விற்பவர் பக்கம்.

ஸ்பிட்ஃபயருக்குப் பிறகு பத்து விமானங்கள் இப்படிப் போய்ச் சேர்ந்தன. ஒரு ஹரிக்கேனின் பிட்டோ குழாய் மட்டும் போய்விட்டது. வரும்போதே இல்லையா, துடைக்கும்போது போச்சா என்று அவனுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டாவது, லங்காஸ்டர், இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. 1/72-இல் அதன் இறக்கை 43 செ.மீ. நான்கு எஞ்சின், நான்கு ப்ரொபெல்லர், மூன்று இடத்தில் துப்பாக்கிக் கோபுரங்கள். என் முறைப்படி வெளிப்பெட்டி 58, 44, 26 செ.மீ. வருகிறது, அதாவது 13 கிலோவுக்கு மேல். தொகையைக் கேட்டதும் அண்ணி, "அவன் லீவுக்கு வரும்போது பாத்துக்கலாம், அங்கேயே இருக்கட்டும்" என்றார். இறக்கையைக் கழற்றி அனுப்ப வழி உண்டா என்று ஒட்டுத்தடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணா ஒட்டினது, தடமே தெரியவில்லை.