பொம்மையின் திணை: ‘ஜபாட்லேலா’ மராத்திப் படமும் மொழிபெயர்ப்பில் இடைமொழியும்

1. முன்னுரை

புது தில்லியின் சாணக்யபுரியில் அயல்நாட்டுத் தூதரகங்களை அடுத்துப் பல மாநிலங்களின் இல்லங்களும் அமைந்துள்ளன. தமிழ்நாடு இல்லத்திற்கும் அங்கு இடம் உண்டு. ஒவ்வோர் இல்லத்தின் சுற்றுச்சுவருக்குள்ளும் ஒரு மொழி வழங்குகிறது; சுவரைத் தாண்டியதும் இந்தியோ ஆங்கிலமோ வழங்குகிறது. இந்திய மொழிகளுக்கிடையே நிகழும் மொழிபெயர்ப்பின் நிலையும் பெரும்பாலும் இதுவே. மராத்தியில் தோன்றிய ஒன்று தமிழுக்கு வர வேண்டுமாயின் இடையில் மற்றொரு மொழியின் வாயிலைக் கடக்க நேர்கிறது. அவ்வாயிலில் இழக்கப்படுவது எது என்பதை ஆராய உயர் இலக்கியந்தான் வேண்டும் என்பதில்லை. வெகுமக்கள் கலைப்படைப்பும் தக்க சான்றாக அமையும். மகேஷ் கோட்டாரே இயக்கி 1993இல் வெளிவந்த ‘ஜபாட்லேலா’ என்னும் மராத்தித் திகில் நகைச்சுவைப் படம் அத்தகைய ஒன்றாகும்.

2. படத்தின் அமைப்பு

தாத்யா விஞ்சூ என்னும் கொடியவன் ஒரு மந்திரவாதியிடமிருந்து உயிர் மாற்றும் மந்திரத்தைப் பெறுகிறான். காவல் அதிகாரியால் சுடப்பட்டு இறக்கும் தறுவாயில் தன் உயிரை ஒரு பொம்மைக்குள் செலுத்துகிறான். அப்பொம்மை, பேசும் பொம்மைக் கலையில் ஈடுபாடுடைய லக்ஷ்யா என்னும் எளிய இளைஞனிடம் வந்து சேர்கிறது. மீண்டும் மனித உடல் பெற விஞ்சூ அவ்விளைஞனையே நாட வேண்டியிருக்கிறது. 1988இல் வெளிவந்த ‘சைல்ட்ஸ் பிளே’ என்னும் அமெரிக்கப் படத்தின் சாயல் இதில் வெளிப்படை. எனினும் அங்குப் பொம்மையைப் பெறுபவன் ஒரு சிறுவன். இங்குப் பெறுபவனோ பொம்மைக்குக் குரல் கொடுப்பவன். இந்த ஒரு மாற்றமே படத்தைத் தழுவல் என்னும் நிலையிலிருந்து உயர்த்துகிறது.

பேச்சில் குரல் கொடுப்பவர், சொற்களை அமைப்பவர், அவற்றிற்குப் பொறுப்பேற்பவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை எனச் சமூகவியலறிஞர் எர்விங் காஃப்மன் காட்டியுள்ளார். பேசும் பொம்மைக் கலையின் இன்பமே இவற்றைப் பிரித்தும் சேர்த்தும் காட்டுவதில்தான் உள்ளது. பொம்மை உண்மையாகவே பேசத் தொடங்கினால் அவ்விளைஞனின் நிலை இரங்கத்தக்கதாகிறது. ‘நான் பேசவில்லை, பொம்மைதான் பேசியது’ என்பது அவன் தொழிலின் வழக்கமான வேடிக்கை. அதுவே இப்போது அவன் கூறும் உண்மை. அவனை நம்புவார் யார்? லக்ஷ்மிகாந்த் பேர்டேயின் நடிப்பில் நகையும் அச்சமும் ஒரே தொடரிலிருந்து பிறப்பது இதனால்தான். ராம்தாஸ் பாத்யேயின் பொம்மையாட்டத் திறனும் திலீப் பிரபாவள்கரின் குரலும் இதற்குத் துணைநிற்கின்றன. காதற்காட்சிகள் கதையோட்டத்தைத் தடுப்பதும், பெண் பாத்திரங்கள் உருப்பெறாமல் நிற்பதும் படத்தின் குறைகள்.

3. தலைப்பும் எச்சமும்

‘ஜபாட்ணே’ என்னும் மராத்தி வினை, பேய் முதலியன ஒருவரைப் பற்றிக்கொள்வதைக் குறிக்கும். பாய்ந்து கவர்தலைக் குறிக்கும் இந்தியின் ‘ஜபட்னா’ இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. ‘-லேலா’ ஈறு செயப்படுபொருள் குன்றாவினையோடு சேரும்போது ‘பற்றப்பட்டவன்’ என்னும் செயப்பாட்டுப் பொருளைத் தரும். ஒரு குறிக்கோளுக்குத் தன்னை முழுதும் ஒப்புக்கொடுத்தவனையும் மராத்தியர் இச்சொல்லால் புகழ்வதுண்டு. ‘-லா’ ஆண்பால் ஒருமை காட்டும் ஈறு. பொம்மையைக் குறிக்கும் ‘பாஹுலா’வும் ஆண்பாற் சொல்லே. எனவே பற்றப்பட்டவன் பொம்மையா, இளைஞனா என்னும் வினாவைத் தலைப்பு விடுவிக்காமல் வைத்திருக்கிறது. படத்தின் கதை முழுவதும் இவ்வினாவிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

1995இல் வெளிவந்த இந்தி வடிவத்தின் தலைப்பு ‘கிலௌனா பனா கல்நாயக்’. ‘விளையாட்டுப் பொருள் வில்லனாயிற்று’ என்பது அதன் பொருள். ‘பன்னா’ என்பது ஆதற்பொருள் வினை. பற்றப்பட்டது இப்போது தானே ஒன்றாக ஆகிவிட்டது. செயப்பாட்டுப் பொருள் மறைந்தது. எழுவாய் பொம்மை என வரையறுக்கப்பட்டதால் இளைஞன் தலைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டான். இவ்விந்தித் தலைப்பிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர், மூலத்தில் இருந்த ஐயத்தை எவ்வளவு முயன்றாலும் மீட்க இயலாது. இடைமொழியால் நேரும் இழப்பு இத்தகையது: பெறுமொழியில் பிழையாகத் தோன்றாது, ஆகவே கண்டறியவும் படாது.

4. பெயர்கள்

‘தாத்யா’ என்பது மராத்தியில் மூத்தோரை மதிப்புடன் விளிக்கும் சொல். ‘விஞ்சூ’ என்பது தேள். மதிப்பும் நஞ்சும் ஒட்டிநிற்பதே அப்பெயரின் நகைச்சுவை. இந்தியில் அவன் ‘தாத்யா பிச்சூ’ ஆனான். தேள் பெயர்க்கப்பட்டது, உறவு பெயர்க்கப்படவில்லை. விளிச்சொல் இந்தி கேட்போருக்கு வெறும் இடுபெயராகிவிட்டது. தமிழில் ‘தேள் அண்ணாச்சி’ என்றால் மதிப்பும் நஞ்சும் இரண்டும் நிற்கும். ஆனால் அச்சொல் தென்மாவட்ட வழக்கைச் சுட்டுமாதலின், அவன் பேச்சு முழுவதையும் அவ்வழக்கிலேயே அமைக்கும் கடமை மொழிபெயர்ப்பாளருக்கு உண்டாகும். லக்ஷ்யாவின் குடும்பப்பெயரான ‘போல்கே’யில் பேசும் தன்மையைக் குறிக்கும் ‘போல்கா’ என்னும் சொல் ஒலிக்கிறது. இது பெயர்ப்புக்கு எளிதில் இணங்காது. ‘ஓம் பட் ஸ்வாஹா’ என்னும் மந்திரமோ பெயர்ப்பையே வேண்டாதது. மந்திரத்தின் ஆற்றல் பொருளில் இல்லை, ஒலியில் உள்ளது என்பது நம்பிக்கை.

5. திணையும் பொம்மையும்

மராத்தியில் பால் சொல்லைப் பற்றியது. பொம்மை உயிர்பெறுமுன்பே ‘பாஹுலா’ ஆண்பால். உயிர்பெற்ற பின்னும் ஆண்பாலே. பேயைக் குறிக்கும் ‘பூத்’ நபும்சக லிங்கம். எனவே பொம்மைக்குள் ஓர் உயிர் புகுந்த செய்தியை மராத்தி இலக்கணம் காட்டிக்கொடுப்பதில்லை. தமிழில் திணை பொருளைப் பற்றியது. பொம்மை ‘இது’, உள்ளிருக்கும் தாத்யா ‘இவன்’. ‘பொம்மை சிரித்தது’ என்பதிலிருந்து ‘பொம்மை சிரித்தான்’ என்பதற்கு மாறும் கணமே பேய் புகுந்த கணம். உயிர், உடம்பு, தெய்வம், பூதம் முதலிய சொற்களைத் தொல்காப்பியம் உயர்திணையிடத்துப் பால் பிரிந்து ஒலிக்காதனவாகத் தனியே எடுத்தோதுவது இங்கு நினைக்கத்தக்கது. உடலுக்கும் உயிருக்கும் இடைப்பட்டவை திணையமைப்பில் இடர்ப்பாடு விளைவிக்கும் என்பது தமிழ் இலக்கண மரபு முன்பே கண்ட உண்மை.

ஆகவே மூலத்தில் இல்லாத ஒரு திகிலைத் தமிழ் தன் வினைமுற்றாலேயே உண்டாக்க இயலும். உண்மையை அறிந்த லக்ஷ்யா ‘அவன்’ என்பான். அறியாத பிறர் ‘அது’ என்பர். அவன் சொல் பிறருக்குத் திணைவழுவாகவே கேட்கும். மொழிபெயர்ப்பு இழப்பு மட்டுமன்று என்பதற்கு இது சான்று.

6. தமிழ்ச் சூழல்

இப்பொருள் தமிழ்த்திரைக்குப் புதிதன்று. கே. பாலசந்தரின் ‘அவர்கள்’ (1977) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம் தன் வாயால் சொல்லத் துணியாததை ‘ஜூனியர்’ என்னும் பொம்மை சொல்கிறது. அங்குப் பொம்மை இரவல் வாய். ‘ஜபாட்லேலா’வில் அது பறிக்கப்பட்ட வாய். 1991இல் வெளிவந்த ‘வா அருகில் வா’ படத்திலோ இறந்த பெண்ணின் ஆவி பொம்மையில் புகுந்து பழிதீர்க்கிறது. அங்கு நகைக்கு முதன்மை இல்லை.

இவற்றினும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. தமிழகத்தில் தோற்பாவைக்கூத்து நிகழ்த்திவரும் குடும்பங்களில் பல, இல்லத்தில் மராத்தியின் ஒரு வட்டார வழக்கைப் பேசுவன. திரைக்குப் பின்னே அமர்ந்ததும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அவர்கள் வாயிலாகத் தமிழ் பேசுகின்றனர். மராத்திக்கும் தமிழுக்கும் இடையே மூன்றாம் மொழியின் துணையின்றிப் பொம்மைகள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்துள்ளன என்பது இதனால் புலனாகும்.

7. முடிவுரை

இடைமொழி பொருளைப் பெரும்பாலும் காக்கிறது. ஆனால் எச்சத்தின் பாட்டுப்பொருளையும், விளியின் உறவையும், தலைப்பின் ஐயத்தையும் விட்டுவிடுகிறது. பெறுமொழியின் திணை போன்ற வளங்களைப் பயன்படுத்தும் வாய்ப்பும் மூலத்தை நேரில் அறிந்தவருக்கே தெளிவாகப் புலப்படும். எனவே மராத்தியும் தமிழும் ஒருங்கே அறிந்த மொழிபெயர்ப்பாளரை உருவாக்குவது முதற்பணியாகும். தோற்பாவைக்கூத்துக் கலைஞரின் இருமொழித்திறன் கலையாக மட்டும் போற்றப்படாமல் மொழிப்புலமையாகவும் ஆராயப்பட வேண்டும். அவ்வறிவு மறைந்துவிடின், இரண்டு மொழிகளும் தத்தம் சுவர்களுக்குள்ளிருந்து மூன்றாவது மொழியின் குரலிலேயே ஒன்றையொன்று கேட்கும்.