ஆளுக்குள் என்ன சிற்றாள்?

சொல்லாராய்ச்சி செய்வோர் ஏட்டுச் சுவடிகளை நாடுவர். நாம் சாந்துச் சட்டியை நாடுகிறோம். மதுரைச் சிம்மக்கல்லில், மாவட்ட மைய நூலகத்தினுள்ளே அகராதிகள் அடுக்கடுக்காய் உள்ளன. வெளியே, கட்டடம் எழும்பும் எந்தத் தெருவில் நின்றாலும் கூலியின் இலக்கணம் காதில் விழும்.

சுவர் எழுப்புபவர் கொத்தனார். 'ஆர்' விகுதி பெற்ற பெருமகனார்! உழைப்பவரை உயர்த்தும் சொல். அதில் நமக்கு மகிழ்ச்சியே. அவருக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கும் ஆடவரை நிமிந்தாள் என்பர், நிமிர்ந்த ஆளாம். அதே கல்லை, அதே கலவையைத் தலையிலேற்றிச் சாரத்தில் ஏறும் பெண்ணோ சித்தாள். சிற்றாள் என்பதன் மரூஉ. அகவை ஐம்பதைக் கடந்து பேரன் பேத்தி எடுத்தாலும் அவள் சிற்றாளே! நிமிந்தாள் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராவார். அவளிடம் கரண்டியைக் கொடுப்பார் அரிது. மாலையில் கூலி எண்ணும்போது அவளுக்குக் குறைவு. ஏனென்று கேட்டால், "சித்தாள்தானே" என்பர். கூலி குறைவதற்குப் பெயர் காரணமாயிற்று. அப்பெயருக்குப் பெண் என்பதன்றி வேறு காரணம் உண்டோ?

உணவுக்கடையில் பரோட்டா வீசுபவர் 'மாஸ்டர்'. வெங்காயம் உரித்துப் பாத்திரம் துலக்குபவள் வெறும் 'வேலைக்காரம்மா'. தையற்கூடத்தில் துணி வெட்டுபவர் 'மாஸ்டர்'. காசா கட்டிப் பொத்தான் தைப்பவள் 'கையாள்'.

எழுத்தறியாதார் செய்யும் பிழை இது என்பீரோ? 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அதன் பின்னும் மக்கின்னன் மெக்கன்சி என்னும் கப்பல் நிறுவனம் தன் பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே கொடுத்தது. கேட்டதற்கு, அதிகாரிகளின் அந்தரங்கப் பணியாற்றும் இவர்கள் தனி வகுப்பினர் என்றது! ஆட்ரி டி'கோஸ்டா என்னும் ஊழியர் தொடுத்த அவ்வழக்கில், 1987-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பணமில்லை என்ற சாக்கையும் தள்ளியது. ஆங்கிலம் கற்ற அலுவலகத்திலும் சித்தாள் இருந்தாள், பெயர்தான் வேறு.

ஆடவர் அதிகம் சுமப்பர், ஆதலால் அதிகக் கூலி என்பாரும் உளர். நன்று. அப்படியானால் குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நடும் வேலைக்கு எதைக் கொண்டு விலை வைத்தனர்? மதுரையைச் சூழ்ந்த வயல்களில் நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலையே. அங்கே திறமைக்கு மதிப்பென்றால் அவள் கூலியன்றோ மேலே நின்றிருக்க வேண்டும்? சுமை வந்தால் வலிமையை அளப்பது, நடவு வந்தால் அளவுகோலையே ஒளித்துவைப்பது! 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கூலியில் ஆண் பெண் வேறுபாடு கூடாதென்றது. தமிழகத்தில் அவ்வேலைக்கு வந்தவருள் மிகப் பெரும்பாலோர் பெண்களே.

பாட்டாளியைப் பாடும் நம் கவிஞர்களுக்கு ஒரு சொல். உங்கள் பாட்டில் சித்தாள் வருகிறாள். அவள் வியர்வை முத்தாகிறது, நடை நாட்டியமாகிறது. அவள் கூலி எத்தனை என்று மட்டும் ஏன் ஓரடியும் எழுதவில்லை?