சூரையின் வால்

கல்முனைச் சந்தையில் சூரை வாங்குபவர்கள் செவுளைத் திறந்து நிறம் பார்ப்பார்கள். ஒருமுறை வாலையும் பாருங்கள். பருத்த உடம்பு வாலடியில் இரண்டு விரலளவுக்கு ஒடுங்கி, இருபுறமும் கெட்டியான ஒரு மேடு ஓடி, பிறைபோல விரியும். முன் முதுகுச் செட்டையை அழுத்தினால், அதற்கென்றே உள்ள பள்ளத்துக்குள் மடிந்து மறைந்துவிடும். வேகத்துக்கு இடைஞ்சலான எதுவும் அதில் இல்லை.

இந்த உடம்பைத்தான் பொறியியலாளர்கள் பிரதியெடுக்கிறார்கள். 1990களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 'ரோபோடூனா' என்ற இயந்திரச் சூரையைச் செய்தது. 2019இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகக் குழு காட்டிய 'டூனாபாட்' கால் மீற்றர் நீளம்தான். வாலை விநாடிக்கு 15 தடவை வரை அடித்து, அந்த ஒரு விநாடியில் தன் நீளத்தைப்போல நான்கு மடங்கு தூரம் போனது. வால் விட்டுச்செல்லும் சுழிகள் நீரைப் பின்னே தள்ள, உடம்பு முன்னே பாய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 'சோஃபி' என்ற இயந்திர மீன். அது பீஜியின் பவளப்பாறைகளிடையே நீந்திய கதையை எம்.ஐ.டி. 2018இல் வெளியிட்டது. அதன் வால் மெத்தென்ற சிலிக்கோன். உள்ளே இரண்டு அறைகள். ஒன்றில் பம்பு நீரை ஏற்றினால் வால் ஒருபக்கம் வளையும். மற்றதில் ஏற்றினால் மறுபக்கம். சுழலும் விசிறி கிடையாது. மீன்கள் மிரளாமல் பக்கத்திலேயே நீந்தின. என்ன அழகான எளிமை!

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது, கடலும் பக்கத்திலேயே. அங்கு படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த சூரையைக் கறிக்கு வெட்டுமுன் ஒருதரம் அளந்து பாருங்கள்.