ரெக்ஸின் கவசமும் நீலப் புள்ளிகளும்

கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவேர் 2007இல் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டில் பாதிக்கு மேல் வந்தபின் வெர்மயர் என்ற கோளின் கடற்கரையில் இறங்குகிறோம். அதுவரை தோளோடு தோள் நின்று சண்டை போட்ட ரெக்ஸ் அங்கே நம் பக்கம் ஷாட்கன்னைத் திருப்புகிறான். கதாநாயகனான கமாண்டர் ஷெப்பர்டும் துப்பாக்கியை உருவியாயிற்று. ரெக்ஸின் இனத்தைப் பீடித்த நோய்க்கு மருந்து அந்தக் கோளின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அதை அணுகுண்டு வைத்துத் தகர்க்கத்தான் நாம் வந்திருக்கிறோம். அறிபுனை ஆர்பிஜிகளில் இதற்கு இணையான இன்னொரு கட்டத்தை நான் விளையாடியதில்லை. மூன்று பாகங்களாக 2012 வரை நீண்ட இந்தத் தொடரின் பெரிய பலமும் பெரிய பலவீனமும் இந்த ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன என்பது என் கட்சி.

முதலில் பின்கதை. ராக்னி என்ற பூச்சியினத்தோடு போரிட ஆள் இல்லாதபோது, சலேரியன் என்ற இனத்தார் பின்தங்கிக் கிடந்த ரெக்ஸின் இனமான குரோகன்களுக்குத் தொழில்நுட்பம் கொடுத்துக் களத்துக்கு அனுப்பினார்கள். குரோகன்கள் வென்றார்கள், பல்கிப் பெருகினார்கள், பிறகு மற்றவர்களின் உலகங்களையும் பிடிக்கத் தொடங்கினார்கள். அவர்களை அடக்க சலேரியன் விஞ்ஞானிகள் உருவாக்கி டூரியன் என்ற இன்னொரு இனத்தின் படை பரப்பிய நோய்தான் ஜீனோஃபேஜ். அது ஆளைக் கொல்லாது. ஆயிரம் கருவில் ஒன்றுதான் பிழைக்கும் என்றாக்கிவிடும். கதை நடக்கும் 2183இல் அந்தச் சாபத்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் எல்லோர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது.

இந்த வரலாற்றைக் கலைக்களஞ்சியக் குறிப்பாக எழுதி ஒரு மெனுவில் போட்டுவிட்டு நகரும் விளையாட்டுகள் ஏராளம். மாஸ் எஃபெக்டிலும் அப்படியொரு மெனு உண்டு. ஆனால் நமக்கு அது உறைப்பது நம் விண்கப்பலான நார்மண்டியின் கீழ்த்தளத்தில்தான். ஒவ்வொரு மிஷன் முடிந்தபின்னும் இறங்கிப் போனால் ரெக்ஸ் அங்கே நின்றுகொண்டிருப்பான். ஆரம்பத்தில் பிடிகொடுக்க மாட்டான். போகப்போகத்தான் வாய் திறக்கிறான். சண்டையை விட்டுவிட்டு ஒரு தலைமுறைக்குப் பிள்ளை பெறுவதில் கருத்தாக இருப்போம் என்று அவன் தன் மக்களிடம் சொல்லியிருக்கிறான். அதைப் பொறுக்காத தகப்பன் பேச்சுவார்த்தை என்று புனித இடத்துக்கு அழைத்துக் கொல்லப் பார்க்க, தகப்பனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு ஊரைவிட்டுப் போனவன் அவன். தலைமை எழுத்தாளர் ட்ரூ கார்பிஷினும் குழுவும் இதைக் கண்ணீர்க் காட்சியாக்காமல், பழைய சண்டைக்கதை சொல்லும் தொனியிலேயே விட்டிருக்கிறார்கள். அதனால்தான் அது மனதில் தங்குகிறது.

கடற்கரையில் அவனை அமைதிப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. லெவல் ஏறும்போதெல்லாம் சார்ம் அல்லது இன்டிமிடேட் திறமையில் புள்ளிகள் போட்டு வந்திருந்தால், நீலத்திலோ சிவப்பிலோ ஒரு பதில் திரையில் வரும். அழுத்தினால் ரெக்ஸ் அடங்கிவிடுவான். இன்னொரு வழி, ஒரு டூரியனிடம் அகப்பட்டிருந்த அவனுடைய குடும்பக் கவசத்தை முன்பே மீட்டுக் கொடுத்திருப்பது. போட்டுக்கொள்ள லாயக்கில்லாத பழைய சாமான் அது. ஆனாலும் அதைத் தேடிப் போய்க் கொண்டுவந்தவனிடம் புள்ளி இல்லாவிட்டாலும் ரெக்ஸ் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். இரண்டும் இல்லையென்றால் அவன் அங்கேயே செத்துவிழுவான், அடுத்த இரண்டு பாகங்களிலும் அவன் இருக்க மாட்டான். கவசத்தின் வழியில் நாம் செய்த காரியத்துக்கு மதிப்பு. புள்ளியின் வழியில் சேர்த்துவைத்த இருப்புக்கு.

கவசத்தின் வழியைப் பிடித்துக்கொண்டு போன இடங்களில் இந்தத் தொடர் சிகரம் தொடுகிறது. 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் மோர்டின் சோலஸ் என்ற சலேரியன் மருத்துவர் கப்பலேறுகிறார். குரோகன் உடல் ஜீனோஃபேஜுக்குப் பழகிவருவதைக் கண்டு அதைப் புதுப்பித்த குழுவில் இருந்தவர். தான் செய்தது சரி என்பதற்குக் கணக்கோடு காரணம் சொல்வார். குரோகன்களின் கோளான துசாங்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பரிசோதனையில் இறந்துபோன குரோகன் பெண்ணின் உடல் மேசைமேல் கிடக்கும். தானே முன்வந்து உடலைக் கொடுத்தவள் அவள். அதைப் பார்த்ததும் மோர்டினின் வேகமான பேச்சு தடுமாறும். அவர் தன் கணக்கைக் கைவிடுவதில்லை. ஆனால் அந்தக் கணக்கை நம் முன்னே இன்னொருமுறை போட்டுப்பார்க்கிறார். அங்கே கிடைக்கும் ஆய்வுத் தரவை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்பது நம் முடிவு. அந்தத் தரவு பத்திரமாக இருந்தால்தான் மூன்றாம் பாகத்தில் பகாரா என்ற குரோகன் பெண் பிழைப்பாள். ரெக்ஸ் உயிரோடிருந்தால் அவனும் அவளும் தங்கள் இனத்தைப் புதுவழியில் நடத்துவார்கள் என்று நம்பலாம். அவன் செத்திருந்தால் தலைமை ரீவ் என்ற இன்னொரு குரோகனின் கைக்குப் போகிறது, அவனோ பழிவாங்கும் பேச்சே பேசுகிறான். மருந்து கொடுப்பதா என்ற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் கனம் மட்டும் ஐந்து வருடம் முன்பு நாம் கடற்கரையில் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. நாவலாலும் சினிமாவாலும் இதைச் செய்ய முடியாது.

புள்ளியின் வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் அதே இரண்டாம் பாகத்தில் பார்க்கலாம். செர்பரஸ் அமைப்பின் அதிகாரி மிராண்டாவும், சிறுவயதில் அதே அமைப்பின் கூடத்தில் வதைபட்ட ஜாக்கும் கப்பலுக்குள் மோதிக்கொள்கிறார்கள். இருவரையும் சமாதானம் செய்ய பாரகன் என்ற நல்ல பக்கம் அல்லது ரெனிகேட் என்ற முரட்டுப் பக்கம், ஏதாவது ஒன்றில் புள்ளிகள் நிறைந்திருக்க வேண்டும்.  ஜாக்கைப் பேசவைத்து அவள் கதையைக் கேட்டவர்கள் நாம். அதெல்லாம் செல்லாது. புள்ளி போதாவிட்டால் ஒருத்தியின் விசுவாசம் போகும், கடைசி மிஷனில் அது அவள் உயிருக்கே ஆபத்தாகலாம். கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளில் எவ்வளவு சேர்த்தோம் என்பதுதான் கணக்கு என்பதால், ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் தனித்தனியாக எடைபோட்டு, இங்கே கருணை, அங்கே கடுமை என்று நடந்தவருக்குத்தான் தண்டனை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே நிறத்தை அழுத்தியவருக்கு வெகுமதி. போதாததற்கு, உரையாடல் சக்கரத்தில் மேலே இருப்பது நல்ல பதில், கீழே இருப்பது முரட்டுப் பதில். படிக்காமலேயே விளையாடலாம். இவ்வளவு சிந்திக்கவைக்கும் கதைக்கு, சிந்திப்பவரைத் தண்டிக்கும் இந்த ஏற்பாடு பெரிய அநியாயம். மூன்றாம் பாகத்தில் இரண்டு வகைப் புள்ளிகளையும் ஒரே நற்பெயர்க் கணக்கில் சேர்த்து ஓரளவு சரிசெய்தார்கள்.

மற்ற குறைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் பாகத்தில் மாக்கோ வண்டி மலைச்சரிவில் பந்துபோல் குதிக்கும், கோளுக்குக் கோள் ஒரே அமைப்பில் கட்டடங்கள் வரும், சிட்டடல் விண்நிலையத்தின் லிஃப்டில் நின்று நின்று கால் கடுக்கும். 2021இல் வந்த லெஜெண்டரி பதிப்பு இவற்றில் சிலவற்றைச் சீர்செய்துவிட்டது.

முடிவை அப்படி விட முடியாது. 2012இல் ரசிகர்கள் கொந்தளித்தது, மூன்று நிறங்களில் ஏறக்குறைய ஒரே காணொளி வந்ததால். அதே ஆண்டு ஜூனில் இலவசமாக வந்த நீட்டிப்பு அந்தக் குறையைத் தணித்தது. என் வருத்தம் வேறு. உயிரினங்களும் இயந்திரங்களும் சேர்ந்து வாழவே முடியாது என்று கடைசியில் ஒரு சிறுவனின் உருவம் வந்து தீர்ப்புச் சொல்கிறது. கொஞ்சம் முன்புதான் ரன்னோக் கோளில், குவேரியன்களுக்கும் அவர்கள் படைத்த கெத் இயந்திரங்களுக்கும் சமாதானம் செய்துவைத்துவிட்டு வந்திருப்போம். நம் குழுவிலிருந்த குவேரியன் டாலிக்கும் கெத் லீஜியனுக்கும் இரண்டு பாகங்களாக நாம் செய்தவை கூடிவந்தால்தான் கிடைக்கும் சமாதானம் அது. கவசத்தின் வழியில் இந்தத் தொடர் எட்டிய மிக உயர்ந்த இடம். அந்தச் சிறுவனிடம் ரன்னோக்கைச் சுட்டிக்காட்டிப் பேச ஷெப்பர்டுக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை.