வேர்ட்பிரஸ் பட்டியமைப்பு: ஒரு திறனாய்வு

2010 ஜூன் மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் 3.0 பதிப்பு, தளத்தின் வழிகாட்டிப் பட்டியைப் பக்கங்களின் படிநிலையிலிருந்து பிரித்து, பொறுப்பாளரே தொகுக்கும் தனிக்கூறாக்கியது. பக்கம், வகை, புறத்தள இணைப்பு ஆகியவற்றை ஒரே பட்டியில் விரும்பிய வரிசையில் அடுக்க இயல்வது இதன் சிறப்பாகும். எனினும், இப்பிரிப்பே குறைக்கும் வழிவகுக்கிறது. தானாகச் சேர்க்கும் விருப்பத்தைத் தெரிவு செய்யாதவிடத்துப் புதிய பக்கம் பட்டியில் இடம்பெறுவதில்லை; அவ்விருப்பமும் முதல்நிலைப் பக்கங்களுக்கே பொருந்தும். பட்டியில் தனிப்பெயர் இடப்பட்ட பக்கத்தின் தலைப்பு பின்னர் மாறினும், பட்டியில் பழம்பெயரே நிற்கும். பொருளடக்கத்தில் விடுபட்ட இயல் நூலுள் இருந்தும் புலப்படாமற் போவதுபோல, பட்டியில் விடுபட்ட பக்கமும் வாசகருக்கு எட்டாது போகிறது. ஆகவே, தளத்தில் பக்கம் சேரும்போதும் பெயர் மாறும்போதும் பட்டியைச் சரிபார்த்தல் பதிப்பாசிரியரின் பொறுப்பாகக் கொள்ளப்பட வேண்டும்.