54 ஆயிரமும் 1 லட்சத்து 68 ஆயிரமும்

இரண்டு எண்களைக் கொஞ்ச நேரம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 54 ஆயிரம். இன்னொன்று 1 லட்சத்து 68 ஆயிரம். இரண்டுமே 'வினாடிக்கு இத்தனை கன அடி' என்கிற தண்ணீர்க் கணக்கு. இரண்டும் தென்பெண்ணை ஆற்றைப் பற்றியவை.

திருவண்ணாமலை மாவட்டம், தண்டராம்பட்டு வட்டாரத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்க அந்த ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டினார்கள். ஏறக்குறைய 16 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் திறப்பு விழா. டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் வெளியேறியது. பாலம் போயே போச்சு. வயது மூன்று மாதம்.

சிமென்ட் எத்தனை, மணல் எத்தனை, கமிஷன் எத்தனை என்று டீக்கடைகளில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. நான் அதற்குள் போகவில்லை. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அரசுத் தரப்பின் பதில்தான். ஏறக்குறைய 54 ஆயிரம் கன அடி போவதற்குத்தான் பாலத்தை வடிவமைத்தோம், வந்ததோ அதைப்போலப் பல மடங்கு என்றார்கள். அதாவது, கணக்கு சரி, ஆறுதான் தப்பு!

நான் பி.காம். என்ஜினீயர் இல்லை. ஆனால் யாராவது 'கணக்கு சரி' என்று சொன்னால் காது விடைக்கிற சாதி.

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் எல்லோரும் லாபம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். கணக்குப் படித்தவன் கடைசிப் பக்கங்களுக்குப் போவான். அங்கேதான் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும். கையிருப்புச் சரக்கை என்ன விலைக்கு மதிப்பிட்டோம், தேய்மானம் எத்தனை சதவீதம், வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கினோம்... லாபம் பிறப்பதே அந்தக் குறிப்புகளில்தான். ஒரு குறிப்பை மாற்றினால் லாபம் நஷ்டமாகிவிடும்.

விஞ்ஞானிகள் 'கணித மாதிரி' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஆற்றையும் மலையையும் மழையையும் அப்படியே தாளில் கொண்டுவர முடியாது. முக்கியமான நாலைந்து விஷயங்களை எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டு, ஒரு சமன்பாடு எழுதுகிறார்கள். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதுதான் குறிப்பு. நம் ஊரில் விடையை மட்டும் காட்டிவிட்டு, குறிப்பை ஃபைலுக்குள் வைத்துக் கட்டிவிடுகிறோம். என் புகார் அவ்வளவுதான்.

மலையா, கடலா?

ஒரு உதாரணம். 1884-ல் ரைவ்ஸ் என்பவர் நம் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு சூத்திரம் எழுதினார். ஒரு இடத்தில் அதிகபட்சம் எவ்வளவு வெள்ளம் வரும்? அந்த இடத்துக்குத் தண்ணீர் வடிந்து வரும் நிலப்பரப்பை சதுர கிலோமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, கன மூலம் எடுங்கள். பிறகு ஒரு எண்ணால் பெருக்குங்கள். வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்ற விடை வந்துவிடும். இன்றைக்கும் சிவில் என்ஜினீயரிங் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

விஷயமே கடைசியில் பெருக்குகிற எண்ணில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் 6.8. 80-லிருந்து 160 கிலோமீட்டர் வரை 8.5. மலையை ஒட்டிய பகுதி என்றால் 10.2.

திருவண்ணாமலை கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கிறது. ஆகவே 8.5. ஆனால், மலையடிவாரம் ஆச்சே! அப்படியானால் 10.2. நூறு சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் எண்ணுக்கு 183 கன மீட்டர். இரண்டாவதற்கு 220. இருபது சதவீத வித்தியாசம், ஒரு பேனா முனையில்! இந்தப் பாலத்துக்கு ரைவ்ஸ் சூத்திரத்தைத்தான் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சூத்திரத்திலும் இப்படி ஒரு பேனா முனை இருக்கும் என்கிறேன்.

வெள்ளம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு, அது என்ன வேகத்தில் ஓடும் என்று பார்க்க வேண்டும். அதற்கு உலகமெங்கும் பயன்படுவது மானிங் சூத்திரம். ராபர்ட் மானிங் அயர்லாந்துக்காரர். கணக்கராக இருந்தவர், 1846-ல், அங்கே பெரும் பஞ்சம் நடந்த காலத்தில், வடிகால் வேலைக்கு எடுத்தார்கள். முறைப்படி என்ஜினீயரிங் படிக்காதவர் 1889-ல் இந்தச் சூத்திரத்தை முன்வைத்தார். நம்ம ஜாதி என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. அவர் சூத்திரத்திலும் ஒரு 'குறிப்பு' உண்டு. ஆற்றுப்படுகையின் சொரசொரப்புக்கு ஒரு எண். அந்த எண் இரண்டு மடங்கானால் தண்ணீரின் வேகம் பாதியாகும். வேகம் குறைந்தால் மட்டம் ஏறும். தாளில் ஆறு சுத்தமாக ஓடும். நேரில் போய்ப் பார்த்தால் படுகை முழுக்கச் சீமைக் கருவேலம் நிற்கும்.

பானையில் நூறு சீட்டு

'நூறு வருஷ வெள்ளத்துக்குக் கட்டினோம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். போன வருஷம் வந்துவிட்டது, இனி 99 வருஷம் நிம்மதி என்று அதற்கு அர்த்தமில்லை. பானையில் நூறு சீட்டு. ஒன்றில் மட்டும் 'வெள்ளம்' என்று எழுதியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் பானைக்குள்ளேயே போட்டுவிடுகிறோம். முப்பது வருஷம் எடுத்தால் அந்தச் சீட்டு ஒரு தடவையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு. நூறு வருஷம் எடுத்தால் 63 சதவீதம். பானையில் எத்தனை சீட்டு என்பதே பழைய மழைப் பதிவுகளை வைத்துச் சொன்னதுதான். மழையின் குணம் மாறினால், நமக்குத் தெரியாமல் யாரோ பானைக்குள் இன்னும் இரண்டு வெள்ளச் சீட்டைப் போட்டுவிட்ட மாதிரி.

இப்போது 54 ஆயிரத்துக்கு வாருங்கள். அது எத்தனை வருஷ வெள்ளம்? எந்த வருஷங்களின் பதிவிலிருந்து எடுத்தது? ஆற்றுக்கு மேலே சாத்தனூர் அணை 1958-லிருந்து நிற்கிறது. அதன் மதகுகள் 1 லட்சத்து 68 ஆயிரத்தை வெளியேற்றக்கூடியவை என்று அந்த ராத்திரி ஊருக்கே தெரிந்தது. பாலத்தின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிராமத்துப் பாலத்தையும் அணையின் முழுத் திறனுக்குக் கட்டினால் கஜானா தாங்காது. சின்னதாகக் கட்டலாம், தப்பில்லை. பெரு வெள்ளத்தில் தண்ணீர் மேலேறிப் போனாலும் நிற்கிற மாதிரி கட்டுகிற முறையும் இருக்கிறது. ஆனால், 'இவ்வளவுதான் தாங்கும்' என்பதைத் திறப்பு விழா அன்றைக்குச் சொல்ல வேண்டும். இடிந்த பிறகு சொன்னால் அதற்குப் பெயர் குறிப்பு இல்லை, சமாதானம்.

பன்னிரண்டு மணி நேரம்

அணையைத் திடீரென்று திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. யார் சொல்வது சரி என்பதை விட்டுவிட்டு, ஒரு எளிய வகுத்தல் போடுவோம்.

சாத்தனூரின் கொள்ளளவு சுமார் 7.3 டி.எம்.சி. வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வந்தால், ஒரு டி.எம்.சி. சேர 1 மணி 40 நிமிடம் போதும். அணை காலியாகக் கிடந்தால்கூட பன்னிரண்டே மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆகவே, தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு யோசிக்க நேரமே கிடையாது. யோசனையெல்லாம் மழை மேலே பெய்யும்போதே நடந்திருக்க வேண்டும்.

எங்கே பெய்தது? நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர். அடுத்த நாள் மழை உள்ளே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஊத்தங்கரைத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து நேரே சாத்தனூருக்குத்தான் வரும். இங்கே இவ்வளவு பெய்தால் அங்கே எத்தனை மணிக்கு எவ்வளவு வரும் என்று சொல்வது கணித மாதிரிகளின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. சென்னைக்கு 2019-ல் இப்படி ஒரு வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. சுமார் 800 விதமான மழை நிலவரங்களை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 2015 வெள்ளம் தலைநகரத்துக்குள் வந்த பிறகு! ஆற்றின் ஓரத்தில் இருக்கிற மற்ற ஊர்கள் தலைநகரமாகும்வரை காத்திருக்க வேண்டுமா?

மலையின் கையிருப்பு

பாலம் போனால் இன்னொன்று கட்டலாம். டிசம்பர் 1-ம் தேதி மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் ஒரு வீட்டின் மேல் இறங்கியது. உள்ளே ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஒருவரும் பிழைக்கவில்லை.

மலைச் சரிவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மண்ணைப் பிடித்து நிறுத்துகிற சக்தியைக் கீழே இழுக்கிற சக்தியால் வகுப்பார்கள். விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் மலை நிற்கும். ஒன்றுக்குக் கீழே போனால் சரியும். கையில் வரவேண்டியதை உடனே கொடுக்கவேண்டியதால் வகுத்து, பேங்க்காரர்கள் கடன் கொடுக்குமுன் பார்ப்பார்களே, அதே விகிதம்தான். மழை இதில் இரண்டு பக்கமும் கை வைக்கிறது. ஊறிய மண்ணின் எடை கூடுகிறது, இழுப்பது அதிகமாகிறது. மண் துகள்களுக்கு நடுவே புகுந்த தண்ணீர் அவற்றைத் தள்ளிப் பிரிக்கிறது, பிடிமானம் குறைகிறது. ஒரே ராத்திரியில் மலை திவால்.

எவ்வளவு மழைக்குத் திவாலாகும்? 1980-ல் கெய்ன் என்ற ஆய்வாளர் உலகின் பல பகுதிகளில் நடந்த 73 நிலச்சரிவுகளை எடுத்து ஒரு கோடு போட்டார். அதன்படி ஒரு நாளில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பெய்தாலே ஆபத்து ஆரம்பிக்கிறது. இது முரட்டுக் கணக்கு. மலைக்கு மலை மாறும். நம் மலைக்கு எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து போட வேண்டும். 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கியபோது டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரிக்கு அறிக்கை வந்தது. அண்ணாமலையார் மலை அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த டிசம்பர் 13-ம் தேதி கார்த்திகை தீபம். அதற்குள் நிபுணர் குழு வந்தது, மலையை ஆராய்ந்தது, மண் நிலைமை சரியில்லை என்றது. பக்தர்கள் மலையேற அந்த வருஷம் அனுமதி இல்லை என்று அறிவித்தார்கள். சரியான முடிவு. ஒரு நாள் ஏறி இறங்குகிறவர்களுக்காக இரண்டு வாரத்துக்குள் முடிந்த காரியம், வருஷம் 365 நாளும் சரிவுக்குக் கீழே தூங்குகிறவர்களுக்காக முன்னாலேயே ஏன் முடியவில்லை? இந்த மாதிரிச் சரிவு வீடுகளுக்கு மின்சார மீட்டர் இருக்கிறது. ரேஷன் கார்டு இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஆள் தேடி வருகிறார்கள். எல்லாக் கணக்கிலும் இருக்கிறவர்கள், மலையின் கணக்கில் மட்டும் விட்டுப்போகிறார்கள். எந்த அளவு மழைக்கு, எந்தத் தெருவில், யார் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்ற வரி இல்லாத மாதிரி, எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரில் ஓடினாலும் பாதிக் கணக்குதான்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விளக்கு எரிக்க ஆடு கொடுத்த கணக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு. ஆட்டுக்கு வயசாகும், சாகும். அப்புறம் நெய் எங்கிருந்து வரும்? அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஆடு செத்தாலும் குட்டியை வைத்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பாற்ற வேண்டும் என்பது கணக்கின் நிபந்தனை. நிபந்தனையை ஓலைக்கட்டுக்குள் ஒளிக்கவில்லை, ஊர் பார்க்கச் சுவரில் எழுதினார்கள்.

நம் பாலங்களிலும் கல்வெட்டு வைக்கிறோம். திறந்து வைத்தவர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று எல்லாப் பெயரும் பளிங்கில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரிக்கு இடம் விடுங்கள்: 'இந்தப் பாலம் வினாடிக்கு இத்தனை கன அடி தாங்கும்.'

அந்த வரி இருந்திருந்தால், தொண்டமானூரில் யாராவது ஒரு பள்ளிக்கூடப் பையன், மேலே இருக்கிற அணையை அண்ணாந்து பார்த்துவிட்டு, திறப்பு விழா அன்றைக்கே கேட்டிருப்பான்.