கால்நடை உதவியாளரும் மருந்தறிவும்

பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே கால்நடைக்கு வைத்தியம் பார்க்கலாம் என்பது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம். அதன் 30ஆம் பிரிவு ஒரு விலக்கும் தருகிறது. மாநில அரசு அனுமதித்தால், பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டு போன்ற சிறு சேவைகளைச் செய்யலாம்.

இந்த விலக்கின் அருமை சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊரில் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடத்துக்கு வழி பிரிகிற இடம். தொழிற்சாலைகள் வந்த பிறகும் சுற்றுவட்டாரத்தில் கறவை மாடுகள் இருக்கின்றன. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1962க்கு அழைத்தால் நடமாடும் ஊர்தியும் வரும். ஆனால் கடுமையாக வயிறு உப்பிய மாட்டுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. உப்பிய முதல் இரைப்பை நெஞ்சறையை அழுத்தி மூச்சை நிறுத்திவிடும். குழாய் செலுத்தி வாயுவை வெளியேற்றத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் மாடு பிழைக்கும். அது நுரை உப்புசமாக இருந்தால் குழாய் மட்டும் உதவாது, நுரையை உடைக்கும் எண்ணெய் மருந்தும் வேண்டும். மருந்தறிவின் தேவை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

சட்டத்தின் குறையும் இதில்தான் இருக்கிறது. அது உதவியாளரின் வேலையைச் செயலால் அளக்கிறது, மருந்தால் அளக்கவில்லை. பால் காய்ச்சலை எடுத்துக்கொள்ளலாம். கன்று ஈன்ற ஓரிரு நாளில் இரத்தத்தில் கால்சியம் இறங்கி, மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். கால்சியம் போரோகுளுக்கோனேட்டை நரம்பில் ஏற்றினால் பல மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். ஊரே வியக்கும் வைத்தியம் இது. அதே பாட்டிலை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நரம்பைக் கண்டுபிடிப்பது கைப்பழக்கம். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டே, துடிப்பு தடுமாறிய கணத்தில் நிறுத்துவது மருந்தறிவு. இரண்டாவது இல்லாத முதலாவது மாட்டைக் கொல்லும்.

பூச்சிக்கொல்லி நஞ்சிலும் இதே சிக்கல். ஆர்கனோபாஸ்பேட் விஷத்துக்கு அட்ரோபின் கொடுக்க வேண்டிய அளவு, மயக்க மருந்துக்கு முன் கொடுக்கும் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு. வழக்கமான அளவை மட்டும் மனப்பாடம் செய்தவர் பயந்து குறைத்துக் கொடுப்பார். மாடு தன் சளியிலேயே மூச்சடைத்துச் சாகும். சைலசின் மயக்க மருந்தில் நிலைமை நேர்மாறு: குதிரைக்கான அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். ஓர் இனத்தின் கணக்கு இன்னோர் இனத்துக்குப் பொருந்தாது. காய்ச்சலுக்கு மனிதர் விழுங்கும் ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

தவறான மருந்தின் கேடு அந்த விலங்கோடு முடிவதுமில்லை. கால்நடைக்கான டைக்ளோஃபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது, அதைப் பெற்ற மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால். பிறகும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. 2015இல் ஊசிக் குப்பியை 3 மில்லி அளவுக்குச் சுருக்க வேண்டியதாயிற்று. மாற்றாக மெலாக்சிகாம் உண்டு என்பது ஊசி போடுபவருக்குத் தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் தொழுவத்திலேயே தீர்ந்திருக்கும்.

'மேற்பார்வை' என்ற சொல்லும் தெளிவாக இல்லை. மருத்துவர் எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. தொலைபேசியில் கேட்டு ஊசி போடுவது நெருக்கடியில் தவிர்க்க முடியாததுதான். அப்போது எதிர்முனையில் இருக்கும் மருத்துவருக்கு மாட்டின் எடை, இதயத்துடிப்பு, ஏற்கெனவே போட்ட மருந்து ஆகிய மூன்றையாவது உதவியாளர் சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னதையும் போட்டதையும் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.